காவிரியின் திமில் மகசீர்: புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

காவிரிக்கரையில் மகசீர் மீன் இருக்கிறதா என்று விசாரித்தால், "அதெல்லாம் இருக்குங்க" என்ற பதில்தான் பெரும்பாலும் வரும். பதிலில் பொய்யில்லை. ஆற்றில் மகசீர் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அதில் பெரும்பாலானது காவிரியின் சொந்த இனம் அல்ல. வெளியே பண்ணையில் பொரித்து, குஞ்சாகக் கொண்டுவந்து விடப்பட்ட நீலத்துடுப்பு மகசீர். காவிரிக்கும் அதன் கிளையாறுகளுக்கும் மட்டுமே உரிய திமில் மகசீர் வேறு. அது 2018 முதல் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐயுசிஎன்னின் சிவப்புப் பட்டியலில் அழிவின் விளிம்பில் உள்ள இனமாக இடம்பெற்றிருக்கிறது.

அதனால் இந்த மீனுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று வருபவர் முதலில் பழக வேண்டியது அடையாளம் காண்பது. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. எந்த மீன் என்று பார்க்காமல் காட்டிய அக்கறையும் இதை இந்த நிலைக்குத் தள்ளிய காரணங்களில் ஒன்று.

1. முதலில் கதையைத் தெரிந்துகொள்ளுங்கள்

மகசீர் கெண்டைக் குடும்பத்து மீன். உள்ளங்கை அகலச் செதில், தடித்த உதடு, வாயோரம் இரண்டு ஜோடி மீசை. தாடையில் பல் கிடையாது, தொண்டைக்குள் இருக்கிறது. நண்டு, நத்தை எல்லாம் அங்கேதான் நொறுங்கும். கரையோர அத்தி மரத்திலிருந்து விழும் பழம், பூச்சி, பாசி, சின்ன மீன் என்று எதையும் விடாது.

திமில் மகசீர் இவற்றில் ராட்சசன். 1946இல் மைசூரின் வான் இங்கன் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் கபினியில் பிடித்த மீன் 120 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 54 கிலோ. தூண்டிலில் பிடிபட்ட மகசீர்களில் இன்றுவரை பேசப்படும் எடை அதுதான். இவ்வளவு பெயர் பெற்ற மீனுக்கு நெடுங்காலம் சரியான அறிவியல் பெயர் இல்லை என்பதை நம்புவது கடினம். வேட்டைக்காரர்களும் தூண்டில்காரர்களும் நூறு வருடத்துக்கு மேல் இதைப் பற்றி எழுதிக் குவித்தார்கள். ஆனால் அருங்காட்சியகத்தில் வைத்து ஒப்பிடத் தகுந்த மாதிரி கையில் இல்லை. பல பழைய நூல்களில் இது 'டோர் முசுல்லா' என்ற பெயரில் இருக்கும். அந்தப் பெயர் உண்மையில் வேறொரு கெண்டைக்கு உரியது. பழைய புத்தகத்தை வைத்துப் படிக்கத் தொடங்கினால் இங்கேயே தடுக்கி விழுவீர்கள்.

முடிச்சு அவிழ்ந்தது 2018இல். முதுமலைக்கும் சத்தியமங்கலத்துக்கும் நடுவே ஓடும் மோயாற்றிலிருந்து எடுத்த மீன்களின் உடலமைப்பையும் மரபணுவையும் ஆராய்ச்சியாளர்கள் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஏட்ரியன் பிண்டர், ராஜீவ் ராகவன் உள்ளிட்டோர் இருந்த குழு அது. கேரளத்துச் சின்னாறு சரணாலயத்தில் பாம்பாற்றிலிருந்து ஏற்கெனவே விவரிக்கப்பட்டிருந்த 'டோர் ரெமாதேவி' என்ற மீனும் திமில் மகசீரும் ஒன்றே என்று தெரிந்தது. அந்த முதல் விவரணை சின்ன மீன்களை வைத்து எழுதப்பட்டது. குட்டிகளைப் பார்த்து ஐம்பது கிலோ மீனை யாருக்கு நினைவு வரும்? மீனியல் அறிஞர் ரெமாதேவியின் பெயரைத் தாங்கிய அந்த இனம் அதே ஆண்டு சிவப்புப் பட்டியலில் ஏறியது. பெயரே நிலைபெறாத இனத்தைப் பட்டியலில் ஏற்ற வழியில்லை. அதனால் மீன் குறைந்துகொண்டே வந்த வருடங்களில் ஏட்டில் அதற்குத் தனியாக ஒரு வரிகூட இல்லை.

பாம்பாறு கேரளத்துக்குள் பிறந்தாலும் கிழக்கே வந்து அமராவதியாகிக் காவிரியில் சேர்வது. மோயாறு பவானிசாகரில் பவானியோடு கலந்து காவிரிக்கு வருவது. வரைபடத்தை விரித்து இந்த இரண்டையும், கபினியையும், கர்நாடகத்தில் சிவசமுத்திரத்துக்குக் கீழே ஒகேனக்கல் வரை வரும் காட்டுக் காவிரியையும் விரலால் தொடர்ந்து பாருங்கள். திமில் மகசீரின் உலகம் அவ்வளவுதான்.

2. இரண்டு மகசீரையும் பிரித்தறியப் பழகுங்கள்

வாலில் தொடங்குங்கள். திமில் மகசீரின் வால் துடுப்பு ஆரஞ்சு நிறம். நீலத்துடுப்பு மகசீரின் துடுப்புகள் பெயருக்கேற்ப நீலம் கலந்த சாம்பலாக, சில சமயம் கிட்டத்தட்ட கறுப்பாக இருக்கும். மீன் உயிரோடு, தண்ணீரில் நனைந்திருக்கும்போது பார்ப்பது நல்லது. செத்துச் சந்தையில் கிடக்கும் மீனின் நிறம் மங்கிவிடும். அதை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

அடுத்தது முதுகு. செவுள் மூடியின் முன்பகுதிக்கு மேலே இருந்தே முதுகு ஏறத் தொடங்கி, முதுகுத் துடுப்பு ஆரம்பிக்கும் இடத்துக்குள் ஒரு தெளிவான மேடு எழும்பும். காளையின் திமில் போல என்று சொல்வது பழைய உவமை, ஆனால் பொருத்தமானது. தலை சிறுத்தும் தோள் பெருத்தும் தெரியும். இங்கே எச்சரிக்கை: குட்டி மீனில் திமில் எடுப்பாக இருக்காது. நன்றாகத் தின்று கொழுத்த நீலத்துடுப்பும் சில கோணத்தில் முதுகு தூக்கித் தெரியும். திமிலை மட்டும் நம்பினால் ஏமாறுவீர்கள்.

மூன்றாவது வாய். பெரும்பாலான மகசீர்களுக்குக் கீழ்த்தாடை சற்றுக் குட்டையாக, வாய் கொஞ்சம் கீழ்நோக்கி இருக்கும். திமில் மகசீருக்குக் கீழ்த்தாடை வலுவானது. வாயை மூடினால் மேல்தாடைக்குச் சமமாகவோ ஒரு மயிரிழை முன்னாலோ நிற்கும். தூண்டில்காரர்கள் எடுத்த படங்களில் தலையைப் பக்கவாட்டில் பெரிதாக்கிப் பாருங்கள், பிடிபடும்.

இந்த மூன்றில் குறைந்தது இரண்டு அடையாளமாவது ஒத்துவந்தால் ஒழிய "திமில் மகசீர்" என்று குறிப்பேட்டில் எழுதாதீர்கள். "மகசீர், இனம் தெளிவில்லை" என்று எழுதுவதில் ஒரு குறையும் இல்லை. தவறான ஒரு பதிவு பத்து நல்ல பதிவுகளைச் சந்தேகத்துக்கு உள்ளாக்கும்.

இணையத்தில் படம் தேடும்போது ஒன்று கவனியுங்கள். இமயமலை ஆறுகளின் தங்க மகசீர் படத்தைப் போட்டு "காவிரியின் மகசீர்" என்று எழுதியிருப்பார்கள். கங்கையின் மீனும் காவிரியின் மீனும் ஒன்றல்ல.

3. ஆற்றைப் படியுங்கள்

மகசீர் வாழும் இடம் என்றால் மூன்று விஷயம் சேர்ந்திருக்க வேண்டும். பாறையில் மோதி நுரைத்து ஓடும் தண்ணீர், அதற்கு அடுத்தாற்போல் ஆழமான மடு, கரையில் நீர்மருதும் அத்தியும் நாவலும் குடைபிடிக்கும் நிழல். நுரைத்த தண்ணீரில் உயிர்க்காற்று அதிகம். மடு, கோடையில் தண்ணீர் சுருங்கும்போது ஒதுங்க இடம். மரம், சாப்பாடு. இதில் ஒன்றை எடுத்துவிட்டாலும் மீன் நகர்ந்துவிடும்.

ஜூனில் தென்மேற்குப் பருவமழை மலையில் இறங்கி ஆறு கலங்கி ஏறும்போது மகசீர்கள் நீரோட்டத்தை எதிர்த்து மேலே போகும். சின்னக் கிளையாறுகளில் கூழாங்கல்லும் சரளையும் பரவிய, தெளிந்த தண்ணீர் ஓடும் இடங்களில் முட்டையிடும். முட்டை மிதக்காது, அடியில் போய்க் கல்லிடுக்கில் தங்கும். அதன்மேல் வண்டல் படிந்தாலோ, மேலே அணையில் மதகை அடைத்துத் தண்ணீர் இறங்கிவிட்டாலோ கதை முடிந்தது. ஆற்றில் மணல், சரளை அள்ளுவதை மணல் பிரச்சினை என்று மட்டும் பார்ப்பது நமக்குப் பழகிவிட்டது. அது பிரசவ அறையை இடிக்கிற வேலையும்கூட.

மேட்டூர் 1934, பவானிசாகர் 1955, அமராவதி 1957, கர்நாடகத்தில் அவற்றுக்கும் முன்னால் கண்ணம்பாடி. ஒவ்வொன்றும் விவசாயத்துக்கும் குடிநீருக்கும் எவ்வளவு தேவை என்பதைச் சொல்லவே வேண்டாம். ஆனால் மேலேறிப் போய்க் குஞ்சு பொரிக்கும் மீனுக்கு ஒவ்வொன்றும் ஒரு சுவர். மிச்சமிருக்கும் சுவரில்லாத நீளங்கள் ஏன் அருமையானவை என்று இப்போது புரியும். மேகதாது பற்றிய வாதங்களில் டிஎம்சி கணக்கு கேட்கிற அளவுக்கு இந்தக் கணக்கு கேட்பதில்லை என்பது என் ஆதங்கம்.

4. பார்க்கப் போகும்போது

மோயாற்றின் பெரும்பகுதி புலிகள் காப்பக நிலம். ஒகேனக்கல்லுக்கு மேலே காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயம், கர்நாடகப் பக்கம் காவிரி வனவிலங்கு சரணாலயம். வனத்துறை அனுமதியில்லாமல் கரைக்கு இறங்குவது சட்டப்படி குற்றம், உயிருக்கும் ஆபத்து. முதலை இருக்கிறது, யானை தண்ணீருக்கு வரும். மீன் பார்க்கிற ஆர்வத்தில் பின்னால் பார்க்க மறப்பவர்கள் அதிகம்.

புதியவர் தொடங்க நல்ல இடம் பாலங்கள்தான், அதுவும் பொதுமக்கள் நிற்க அனுமதி உள்ளவை. அனுமதிக்கப்பட்ட பரிசல் சவாரியும் நல்லது. பரிசல் ஓட்டும் அண்ணனிடம் பேச்சுக் கொடுங்கள். எந்த மடு ஆழம், எந்தப் பாறைக்குக் கீழே பெரிய மீன் திரும்பும், அவர் சின்ன வயதில் எந்த நிற வால் அதிகம் பார்த்தார் என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு வரும் பதில், முப்பது வருட ஆய்வுக்குச் சமம்.

கொண்டுபோக வேண்டியது அதிகமில்லை. தண்ணீரின் பளபளப்பை வெட்டும் போலராய்டு கண்ணாடி, பைனாகுலர், பென்சில், குறிப்பேடு. காலை பத்து மணிக்கு மேல் வெயில் செங்குத்தாக விழும்போது உள்ளே நன்றாகத் தெரியும். நிழல் தண்ணீரில் விழாமல் நில்லுங்கள். பொரி, பிரெட் எதுவும் போடாதீர்கள். கர்நாடகத்தில் காவிரிக்கரையில் உள்ள ராமநாதபுரா போன்ற கோயில் படித்துறைகளில் மீனுக்குப் பொரி போடுவது வழக்கம். பக்தியால் மீன் பிழைத்த இடங்கள் அவை, மரியாதையோடு பார்க்க வேண்டியவை. காட்டு மடுவில் அதே வேலையைச் செய்தால் மீன் மனிதனைக் கண்டு மேலே வரப் பழகிவிடும். அடுத்து வருபவர் கையில் என்ன இருக்கும் என்று யார் கண்டது?

5. பதிவு செய்வது எப்படி

ஒரு நல்ல பதிவில் இருக்க வேண்டியவை: தேதி, நேரம், ஆற்றின் பெயர், தண்ணீர் தெளிவா கலங்கலா, எத்தனை மீன், தோராயமாக எவ்வளவு நீளம், வாலின் நிறம். படம் எடுத்தால் முழு மீனும் பக்கவாட்டில் தெரியும்படி ஒன்று, வால் விரிந்த நிலையில் ஒன்று, முடிந்தால் வாய்.

உயிரினங்களைப் பார்த்ததைப் பதிவு செய்யும் ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளத்தில் ஏற்றினால், அருகிவரும் இனங்களின் சரியான இடத்தை அது தானாகவே மங்கலாக்கிக் காட்டும். வாட்ஸப்பும் இன்ஸ்டாகிராமும் அப்படிச் செய்யாது. "இந்த மடுவில் இருபது கிலோ மீன் பார்த்தேன்" என்று இடக்குறியோடு ஒரு ரீல்ஸ் போட்டால், மறுவாரம் அங்கே தோட்டா (மீன்பிடிக்கப் போடும் வெடி) விழலாம்.

சின்ன மீனைப் பதிவு செய்வது பெரிய மீனைப் பதிவு செய்வதைவிட முக்கியம். இதை விளக்க ஒரு பழைய கணக்கு உதவும். கர்நாடகத்தில் காவிரிக்கரையில் உள்ள கலிபோரே முகாமில், மீனைப் பிடித்துத் திரும்ப ஆற்றிலேயே விடும் தூண்டில்காரர்கள் 1998 முதல் 2012 வரை தாங்கள் பிடித்த மகசீர்களின் விவரத்தைக் குறித்து வைத்திருந்தார்கள். ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட மீன்கள். ஆராய்ச்சியாளர்கள் பிறகு அதைப் பிரித்துப் பார்த்தபோது, நீலத்துடுப்பு வருடத்துக்கு வருடம் கூடிக்கொண்டே போயிருந்தது. திமில் மகசீர் குறைந்துகொண்டே வந்திருந்தது. ஆனால் பிடிபட்ட திமில் மகசீர்களின் சராசரி எடை மட்டும் ஏறியிருந்தது!

தூண்டில்காரருக்கு அது கொண்டாட்டமாக இருந்திருக்கும். உண்மையில் அது கெட்ட சேதி. புதுக்குஞ்சுகள் வந்து சேரவில்லை, பழைய மீன்கள் மட்டும் வயதாகி எடை கூடிக்கொண்டிருக்கின்றன என்று பொருள். இளவட்டமே இல்லாமல் தாத்தா பாட்டிகள் மட்டும் மிஞ்சிய மலைக்கிராமத்தில் சராசரி வயது ஏறுவதைப் போல. ஆகவே ஒரு சாண் நீளத்தில் ஆரஞ்சு வாலோடு நாலு குட்டிகளைப் பார்த்தால், அதுதான் அந்த வருடத்தின் பெரிய செய்தி.

6. தூண்டிலிலோ வலையிலோ சிக்கிவிட்டால்

காப்பகத்துக்குள் மீன்பிடி கூடாது, அதில் பேச்சே இல்லை. அனுமதி உள்ள நீர்ப்பரப்பில் வேறு மீனுக்குப் போட்ட தூண்டிலில் இது மாட்டலாம். கையை நனைத்துக்கொண்டு தொடுங்கள். வறண்ட கை மீனின் வழவழப்புப் படலத்தை உரித்துவிடும். செவுளுக்குள் விரல் விடாதீர்கள். மீனைத் தண்ணீருக்குள்ளேயே வைத்து முள்ளை எடுங்கள். முள் ஆழமாக இறங்கியிருந்தால் பிடுங்க வேண்டாம், தங்கூசியை வாய்க்கு அருகில் வெட்டிவிடுங்கள். படம் வேண்டுமென்றால் தண்ணீரில் பாதி மூழ்கிய நிலையில் ஒன்று போதும். தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு நிற்கும் படத்தின் காலம் போய்விட்டது. பிறகு தலை நீரோட்டத்தைப் பார்த்து இருக்கும்படி தாங்கிப் பிடியுங்கள். அதுவாக வாலை உதறிக்கொண்டு போகும்வரை விடாதீர்கள். பங்குனி, சித்திரையில் தண்ணீர் சூடேறி இருக்கும்போது மகசீர் இருக்கும் மடுக்களில் தூண்டில் போடாமல் இருப்பதே உத்தமம்.

7. மீன்குஞ்சு விடும் விழாவுக்கு அழைத்தால்

இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியதே இந்தப் பகுதிதான். 1970களில் மகாராஷ்டிரத்து லோனாவாலாவில் மகசீரைச் செயற்கையாகப் பொரிக்க வைக்கக் கற்றுக்கொண்டார்கள். அன்றைக்கு அது பெரிய சாதனை. நாட்டில் மகசீர் அருகி வருகிறது, குஞ்சு நம்மிடம் இருக்கிறது, ஆற்றில் விடுவோம் என்று நினைத்ததில் யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் பொரித்தது தக்காண ஆறுகளின் நீலத்துடுப்பு. அது காவிரிக்கும் வந்தது, செழித்தது, சொந்த மீனின் சாப்பாட்டிலும் இடத்திலும் பங்கு கேட்டது. 2018இல் சிவப்புப் பட்டியல் புதுப்பிக்கப்பட்டபோது, திமில் மகசீர் அழிவின் விளிம்புக்குப் போன அதே சமயத்தில் நீலத்துடுப்பு கவலை குறைந்த பிரிவுக்கு இறக்கப்பட்டது. ஒரு மகசீரைக் காப்பாற்றும் முயற்சி இன்னொரு மகசீரின் வீட்டில் நடந்திருக்கிறது.

எனவே உங்கள் ஊரில் "ஆற்றில் ஒரு லட்சம் மீன்குஞ்சு விடும் விழா" என்று பேனர் கட்டினால், பூத்தூவப் போகும் முன்பு மூன்று கேள்வி கேளுங்கள். என்ன இனம்? தாய்மீன் எந்த ஆற்றில் பிடித்தது? அந்த இனம் இந்த ஆற்றில் இயற்கையாக இருந்ததற்கு என்ன ஆதாரம்? பதில் கிடைக்காவிட்டால் தகவல் பெறும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய்க் கட்டணத்தில் மீன்வளத் துறையின் பொதுத் தகவல் அலுவலருக்கு இப்படி எழுதலாம்:

"கடந்த ஐந்து ஆண்டுகளில் எங்கள் மாவட்டத்தில் ஆறுகளிலும் நீர்த்தேக்கங்களிலும் இருப்பு செய்யப்பட்ட மீன்குஞ்சுகளின் இனம், எண்ணிக்கை, விடப்பட்ட இடம், தேதி, குஞ்சுகள் பெறப்பட்ட பண்ணையின் பெயர் ஆகிய விவரங்களின் நகலை வழங்கவும்."

கட்லா, ரோகு என்று வரும் பதிலிலும் பயன் உண்டு. எந்த நீர்த்தேக்கத்தில் என்ன போட்டி நடக்கிறது என்று தெரியும். வீட்டுத் தொட்டியில் சலித்துப்போன டேங்க் கிளீனர் மீனையும் ஆப்பிரிக்கக் கெளுத்தியையும் ஆற்றில் விட்டுவிட்டுப் புண்ணியம் தேடுவதும் இதே ரகம்தான். தெரிந்தவர்கள் செய்தால் தடுங்கள்.

நாளைக்கு யாராவது திமில் மகசீரையே பொரிக்க வைத்து விடப்போவதாகச் சொன்னாலும் இதே கேள்விகள் பொருந்தும். மோயாற்று மீனின் குஞ்சு எந்த ஆற்றுக்குப் போகிறது, எத்தனை தாய்மீன்களிலிருந்து எடுத்தார்கள், அங்கே வெடியும் மணல் அள்ளலும் நின்றுவிட்டதா? இவற்றுக்குப் பதில் இல்லாத பண்ணை, விழாவுக்குத்தான் உதவும்.

8. தோட்டா, கரண்டு, பிளீச்சிங் பவுடர்

கோடையில் ஆறு இளைத்து மீனெல்லாம் மடுக்களில் ஒதுங்கும். அப்போது ஒரு தோட்டா போட்டாலோ, கரண்டு பாய்ச்சினாலோ, பிளீச்சிங் பவுடர் கலந்தாலோ மடுவே காலி. பெரிய மீனுக்காகப் போடும் வெடியில் குஞ்சு, இறால், நண்டு எல்லாம் சேர்ந்து சாகும். செத்ததில் பல மேலே மிதக்காமல் அடியிலேயே அழுகும். 1897ஆம் ஆண்டு இந்திய மீன்வளச் சட்டமே வெடிவைத்தும் நஞ்சு கலந்தும் மீன் பிடிப்பதைக் குற்றம் என்கிறது. சட்டத்துக்கு வயது நூற்றிருபத்தைந்தைத் தாண்டிவிட்டது, தோட்டா ஓய்ந்தபாடில்லை.

நீங்கள் நேரில் பார்த்தால் போய்ச் சண்டை போடாதீர்கள். கையில் வெடி வைத்திருப்பவனிடம் அறிவுரை சொல்லும் வேலை நமக்கு வேண்டாம். நேரம், இடம், வண்டி எண், கேட்ட சத்தம் எத்தனை என்பதைக் குறித்துக்கொண்டு, அருகிலுள்ள வனச்சரக அலுவலகத்துக்கும் காவல் நிலையத்துக்கும் சொல்லுங்கள். அந்த எண்களைப் பயணம் கிளம்பும் முன்பே போனில் சேமித்து வையுங்கள், காட்டுக்குள் சிக்னல் கிடைக்கும் இடம் எது என்றும் விசாரித்துக்கொள்ளுங்கள். ஒகேனக்கல்லில் மீன் வறுவல் சாப்பிடும்போது தட்டில் என்ன மீன் என்று கேட்பதும் இதில் சேர்த்திதான். கடைக்காரரிடம் குற்றம் சாட்டும் தொனி வேண்டாம். ஜிலேபி இருந்தால் அதையே கேட்டு வாங்குங்கள். அது வெளிநாட்டிலிருந்து வந்த மீன், ஆற்றில் எவ்வளவு குறைந்தாலும் நல்லது, வறுவலுக்கும் ருசியானது.